நீர்க்கரைப் பூங்காவின் குளிர்ச்சியும் அமைதியும்

சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே, அதன் கழியின் கரையில் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலத்தைச் சீர்செய்து, நீர்வழிகளை மீண்டும் திறந்து, கழிக்கரைக்கு உரிய மரங்களை நட்டு, 2011ஆம் ஆண்டு அதைத் திறந்தார்கள். கோடைப் பகலில் சாலையிலிருந்து இப்படியொரு நீர்க்கரைப் பூங்காவுக்குள் நுழைபவர் இரண்டு மாற்றங்களை உடனே உணர்கிறார். வெக்கை தணிகிறது, வண்டிகளின் இரைச்சல் அடங்குகிறது.

இதில் ஒரு புதிர் உண்டு. பல நாடுகளின் நகரப் பூங்காக்களில் எடுக்கப்பட்ட அளவீடுகளைப் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் தொகுத்துப் பார்த்தார்கள். பகலில் பூங்காக்களின் காற்று, சுற்றியுள்ள நகரத்தின் காற்றைவிடச் சராசரியாக 0.94 டிகிரி செல்சியஸ் மட்டுமே குளிர்ந்திருந்தது. 39 டிகிரி 38 ஆவது பெரிய மாற்றமல்ல. ஆனால் பூங்காவுக்குள் வருபவரின் உடல் உணரும் ஆறுதல் ஒரு டிகிரிக்கு உரியதாகத் தெரிவதில்லை. வெப்பமானிக்கும் தோலுக்கும் இடையே ஏன் இந்த வேறுபாடு?

தோல் எதை அளக்கிறது?

மனித உடல் வெப்பநிலையை அளக்கும் கருவி அல்ல. தனக்குள் உண்டாகும் வெப்பத்தை வெளியேற்ற முடிகிறதா என்பதையே அது உணர்கிறது. அந்த வெளியேற்றத்தைச் சூழலில் உள்ள நான்கு அளவுகள் தீர்மானிக்கின்றன: காற்றின் வெப்பநிலை, காற்றின் வேகம், காற்றிலுள்ள ஈரப்பதம், சுற்றியுள்ள பரப்புகளும் வெயிலும் உடல்மீது வீசும் வெப்பக் கதிர்வீச்சு. வானிலை அறிக்கையில் சொல்லப்படும் டிகிரி இவற்றுள் முதலாவது மட்டுமே. வானிலை நிலையத்தின் வெப்பமானி நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைக்கப்படுவதால், கதிர்வீச்சின் தாக்கம் அதில் சேர்வதில்லை.

விட்டுப்போன அந்தக் கதிர்வீச்சை அளக்க ஓர் எளிய கருவி உண்டு. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற செப்புக் கோளத்துக்கு மங்கலான கறுப்பு வண்ணம் பூசி, நடுவில் வெப்பமானியைச் செருகுவார்கள். கறுப்புக் கோள வெப்பமானி எனப்படும் இதை 1930களில் பிரிட்டனைச் சேர்ந்த எச். எம். வெர்னன் பரவலாக்கினார். எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் கதிர்வீச்சைக் கோளம் உறிஞ்சிச் சூடாகிறது. அது காட்டும் அளவையும் காற்றின் வெப்பநிலையையும் வேகத்தையும் கொண்டு, உடலைச் சூழ்ந்துள்ள பரப்புகளின் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலையைக் கணக்கிடலாம்.

புதிரின் முதல் விடை இங்கே கிடைக்கிறது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மீது ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. தார்ச்சாலையின் பரப்பு 60 டிகிரியை எட்டக்கூடும். சாலையில் நிற்பவரை மேலிருந்து வெயிலும், கீழிருந்து தாரும், பக்கங்களிலிருந்து சூடேறிய சுவர்களும் ஒரே நேரத்தில் காய்ச்சுகின்றன. அடர்ந்த மரநிழலில் நேர்வெயில் தடைபடுகிறது. இலைகள் காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கின்றன. நிழல் விழும் மண்ணும் சூடேறுவதில்லை. அதனால் வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறும்போது, கதிர்வீச்சு வெப்பநிலை இருபது, முப்பது டிகிரி வரை மாறக்கூடும். பூங்காவின் ஆறுதலில் பெரும்பங்கு நிழல் தருவது.

நீர் ஏன் மெதுவாகச் சூடேறுகிறது?

நிழல் எந்தப் பூங்காவிலும் கிடைக்கும். நீர்க்கரைப் பூங்காவுக்குக் கூடுதலாகக் கிடைப்பது, அருகிலுள்ள நீர் நிலத்தைப் போலச் சூடேறாது என்பதால் வரும் பயன். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 ஜூல் ஆற்றல் தேவை. காய்ந்த மணலுக்கு 0.8 ஜூல் போதும். இந்தப் பண்பைத் தன்வெப்பம் என்பார்கள். ஒரு மரக்கால் நெல்லைச் சிறிய பெட்டியில் கொட்டினால் அது விளிம்புவரை நிரம்பிவிடும். பெரிய குதிரில் கொட்டினால் மட்டம் உயர்ந்ததே தெரியாது. கொட்டிய நெல் வெப்பம், அதன் மட்டம் வெப்பநிலை என்று கொண்டால், மணல் பெட்டி, நீர் குதிர்.

தன்வெப்பம் மட்டும் காரணமல்ல. வெயில் நிலத்தில் மேல்பரப்போடு நின்றுவிடுகிறது. உள்ளே வெப்பம் மிக மெதுவாகவே இறங்கும். நீருக்குள் ஒளி ஊடுருவிச் செல்கிறது. அலையும் ஓட்டமும் மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்கின்றன. ஆகவே பகலில் வரும் வெப்பம் கடலில் பல மீட்டர் ஆழத்துக்குப் பங்கிடப்படுகிறது. மணற்பரப்பின் வெப்பநிலை ஒரே பகலில் இருபது டிகிரிக்கு மேல் ஏறக்கூடும். கடற்பரப்பின் வெப்பநிலை பெரும்பாலும் ஒரு டிகிரிகூட மாறுவதில்லை.

கடற்காற்று

நிலமும் கடலும் இப்படி வேறுபட்டுச் சூடேறுவதால் பிறப்பதே கடற்காற்று. முற்பகலில் நிலத்தின்மேல் உள்ள காற்று சூடேறி, விரிந்து, எடை குறைந்து மேலெழுகிறது. நிலத்தையொட்டி அழுத்தம் சற்றுக் குறைய, கடலின்மேல் உள்ள குளிர்ந்த காற்று உள்ளே நகர்கிறது. மேலே எழுந்த காற்று உயரத்தில் கடலை நோக்கித் திரும்புகிறது. இந்தச் சுழற்சியின் கீழடுக்கு சில நூறு மீட்டர் முதல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை தடித்திருக்கும். மாலைக்குள் அது பல கிலோமீட்டர் தூரம் நாட்டுக்குள் சென்றுவிடும்.

கடற்காற்று எப்போது கரையேறும் என்பதை மேலைக்காற்று தீர்மானிக்கிறது. சென்னையில் மே கடைசியிலும் ஜூனிலும் நிலத்திலிருந்து வீசும் மேலைக்காற்று வலுத்திருக்கும் நாள்களில் கடற்காற்று பிற்பகல்வரை தள்ளிப்போகும். சில நாள்களில் வராமலே போகும். நகரம் மிகக் கடுமையாகக் கொதிப்பது அத்தகைய நாள்களில்தான். சென்னையில் பதிவான உச்ச வெப்பநிலையான 45 டிகிரி 2003 மே 31 அன்று பதிவானது. கடலிலிருந்து தள்ளியுள்ள மீனம்பாக்கம் வானிலை நிலையம் கோடையில் பல நாள்கள், கடலுக்கு நெருக்கமான நுங்கம்பாக்கம் நிலையத்தைவிடக் கூடுதல் வெப்பம் காட்டுவதற்கும் கடற்காற்று அங்கே தாமதமாகச் சேர்வது ஒரு காரணம்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் காற்றின் வருகை எப்படித் தெரிகிறது? தானியங்கி வானிலை நிலையங்களின் பதிவில் மூன்று கோடுகள் சில நிமிடங்களுக்குள் ஒன்றாகத் திரும்புகின்றன: வெப்பநிலை இறங்குகிறது, ஈரப்பதம் ஏறுகிறது, காற்றின் திசை மேற்கிலிருந்து கிழக்குக்கோ தென்கிழக்குக்கோ மாறுகிறது. டாப்ளர் ராடார் திரையில் கடற்காற்றின் முகப்பு கரைக்கு இணையான மெல்லிய கோடாகத் தெரியும். இரு காற்றுகள் மோதும் இடத்தில் பூச்சிகள் குவிந்து ராடார் அலைகளைத் திருப்பி அனுப்புவதும், அங்கே காற்றின் அடர்த்தியும் ஈரமும் சட்டென்று மாறுவதும் அந்தக் கோட்டுக்குக் காரணம். அந்தக் கோடு மணிக்கு மணி உள்நாட்டை நோக்கி நகர்வதையும் பார்க்கலாம்.

ஆற்றுமுகம் இந்தக் காற்றுக்குத் திறந்த வாசல். கட்டடங்கள் நெருங்கிய தெருக்களில் காற்று உரசி வேகம் இழக்கிறது. நீர்ப்பரப்பின்மேல் தடை குறைவு. அதனால் கழிக்கரையில் நிற்பவருக்கு, அதே தூரத்தில் தெருவுக்குள் நிற்பவரைவிடக் காற்று நன்றாகக் கிடைக்கிறது. வீசும் காற்று தோலை ஒட்டிய ஈரக்காற்றை அகற்றி வியர்வையை உலர்த்துகிறது. வெப்பமானி இதைப் பதிவுசெய்வதில்லை, உடல் பதிவுசெய்கிறது.

ஆவியாதல் தரும் குளிர்ச்சியும் அதன் எல்லையும்

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் தேவை. அதே நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைவரை சூடாக்கத் தேவைப்படுவதைப்போல் இது ஐந்து மடங்குக்கும் மேல். வெப்பநிலையை உயர்த்தாமல் ஆவிக்குள் அடங்கிவிடும் இந்த ஆற்றலுக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் இதைக் கண்டறிந்தார். மண்பானை நீரைக் குளிரவைப்பதும் இதே விதியால்தான்.

மரங்கள் வேரால் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் வழியாக ஆவியாக்குகின்றன. இந்த நீராவிப்போக்கை முதன்முதலில் கவனமாக அளந்தவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ். தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடியைக் காலையும் மாலையும் எடைபோட்டு, அது எவ்வளவு நீரை இழக்கிறது என்று பார்த்து, 1727இல் முடிவுகளை வெளியிட்டார். பகல் 12 மணி நேரத்தில் அந்த ஒரு செடி அரைக் கிலோவுக்கு மேல் நீரை இழந்தது. மண்ணும் செடியும் அடங்கிய பெரிய தொட்டிகளைத் தராசின்மீது நிறுத்தி அளக்கும் முறை இன்றும் வேளாண் ஆய்வு நிலையங்களில் வழக்கில் உள்ளது.

ஆனால் ஆவியாதலுக்கு ஒரு விலை உண்டு: அது காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டுகிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வியர்வை உலராது. 1950களில் அமெரிக்கப் படைப்பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுவதைத் தடுக்க உருவாக்கிய வெப்ப அளவுகோல் இதைத் தெளிவாக்குகிறது. வெளியிடங்களுக்கான அந்த அளவுகோலில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடும், கறுப்புக் கோளத்துக்கு 20 விழுக்காடும், சாதாரணக் காற்று வெப்பநிலைக்கு 10 விழுக்காடும் எடை தரப்படுகிறது. சென்னை போன்ற ஈரக் கடற்கரை நகரில் தேங்கிய நீர்ப்பரப்பு மட்டும் அதிகக் குளிர்ச்சி தந்துவிடாது. காற்று ஓடினால்தான் அந்த ஈரம் அகன்று பயன் முழுமையாகும்.

இரவில் கணக்கு தலைகீழாகிறது. நிலம் விரைவில் ஆறிவிட, பகலில் வெப்பத்தைச் சேர்த்துவைத்த நீர் அதை மெல்ல வெளிவிடுகிறது. நள்ளிரவுக்குப் பின் நீர்க்கரையின் காற்று உள்நாட்டுத் திறந்தவெளியைவிட வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான்.

ஒலி எப்படி வளைகிறது?

அடுத்தது அமைதி. ஒலியின் அளவான டெசிபெல் மடக்கை முறையில் ஏறுவது: 10 டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கிறது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரம்பு வைத்துள்ளன. ஒற்றை வண்டியின் ஒலி, தூரம் இரு மடங்காகும்போது 6 டெசிபெல் குறையும். இடைவிடாமல் வண்டிகள் ஓடும் சாலை நீண்ட கோடாக ஒலிப்பதால் அதன் இரைச்சல் 3 டெசிபெல் மட்டுமே குறையும். எனவே பரப்பு பெரிதாக இருப்பதே பூங்காவின் முதல் பாதுகாப்பு. மென்மையான மண்ணும் சருகும் ஒலியை உறிஞ்சும். ஒற்றை வரிசை மரங்கள் இரைச்சலைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலானது. அளந்து பார்த்தால் அவற்றால் குறைவது மிகச் சிறிது. சில டெசிபெல் குறையவே பல மீட்டர் அகலமுள்ள அடர்ந்த தோப்பு வேண்டும்.

காற்றும் வெப்பமும் ஒலியின் பாதையையே வளைக்கின்றன. காற்றின் வேகம் உயரத்தோடு மாறுவதால் ஒலி வளையும் என்று ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1857இல் விளக்கினார். வெப்பநிலை மாற்றமும் அதையே செய்யும் என்பதை ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1870களில் திறந்தவெளிச் சோதனைகளால் காட்டினார். சூடான காற்றில் ஒலி விரைவாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்கிறது. அது எப்போதும் மெதுவாகச் செல்லும் அடுக்கை நோக்கியே வளையும். வெயிலில் காயும் நிலத்தில் அடிக்காற்று சூடாகவும் மேல்காற்று குளிர்ச்சியாகவும் இருப்பதால் இரைச்சல் மேல்நோக்கி வளைந்து, தொலைவில் நிற்பவரைத் தாண்டிப் போய்விடுகிறது. குளிர்ந்த நீரின்மேல் இது மாறுகிறது. அடிக்காற்று குளிர்ந்து, மேல்காற்று வெப்பமாக இருக்கும் வேளையில் ஒலி கீழ்நோக்கி வளைந்து நீர்ப்பரப்பில் பட்டு எதிரொலித்துப் பயணப்படுகிறது. அமைதியான மாலையில் எதிர்க்கரைப் பேச்சு இக்கரையில் தெளிவாகக் கேட்பது இதனால்தான்.

கடற்காற்றும் இதில் பங்கேற்கிறது. காற்று வீசும் திசையில் செல்லும் ஒலி கீழே வளையும். எதிர்த்துச் செல்லும் ஒலி மேலே வளையும். பிற்பகலில், பூங்காவுக்கு மேற்கே உள்ள சாலையின் இரைச்சல் கடற்காற்றை எதிர்த்து வரவேண்டியிருப்பதால் மங்குகிறது. கடலை ஒட்டிய கிழக்குச் சாலையின் இரைச்சல் காற்றோடு வருவதால் கூடுதலாகக் கேட்கிறது. ஒரே பூங்காவில் இடத்துக்கு இடம் அமைதி வேறுபடுவதற்கு இதுவும் காரணம்.

மிச்சமுள்ள இரைச்சலை இயற்கை ஒலிகள் ஓரளவு பின்னுக்குத் தள்ளுகின்றன. சாலை இரைச்சலின் ஆற்றல் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது; சிறு பறவைகளின் குரல் பெரும்பாலும் அதற்கு மேலே ஒலிக்கிறது. அதனால் அந்தக் குரல் இரைச்சலில் மூழ்காமல் தனித்துக் கேட்டுக் கவனத்தை ஈர்க்கிறது.

மனத்தின் அமைதிக்குச் சான்று என்ன?

இரைச்சல் குறைவது ஒன்று. மனம் இளைப்பாறுவது வேறொன்று. இரண்டாவதை அளப்பது கடினம். அமைதியான இயல்புள்ளவர்களே பூங்காவைத் தேடிச் செல்கிறார்கள் என்றும் இருக்கலாமே என்ற ஐயம் எப்போதும் எழும். அந்த ஐயத்தைக் களைய, யாருக்கு எந்தச் சூழல் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாத ஆய்வுகள் தேவைப்பட்டன.

அத்தகைய ஒன்றை ரோஜர் அல்ரிச் 1984இல் வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் பழைய பதிவேடுகளை எடுத்துக்கொண்டு, வயது, பாலினம் முதலியவை ஒத்துள்ள 23 இணைகளாக 46 பேரைத் தேர்ந்தார். ஒருவரின் அறைச் சன்னலில் மரங்கள் தெரிந்தன. இணையான மற்றவரின் சன்னலில் செங்கல் சுவர் தெரிந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சற்று விரைவில் வீடு திரும்பியிருந்தார்கள்; கடும் வலிநீக்கிகளையும் குறைவாகவே கேட்டிருந்தார்கள். 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதே ஆள்களை ஒரு நாள் மரத்தோட்டத்திலும் வேறொரு நாள் நகரச் சாலையிலும் நடக்கவிட்டு, எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லும் தேர்வு வைத்தார்கள். தோட்டத்தில் நடந்த பிறகு மதிப்பெண் கூடியது.

இதை விளக்க ரேச்சல், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் முன்வைத்த கருத்து கவன மீட்புக் கோட்பாடு. சாலையைக் கடப்பதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் முயன்று செலுத்தும் கவனம் வேண்டும், அது களைத்துப்போகும். நெளியும் நீர், ஆடும் இலை, மீன் தேடும் கொக்கு போன்றவை முயற்சி கேட்காமலே கண்ணை ஈர்ப்பதால், முயன்று செலுத்தும் கவனம் ஓய்வெடுத்து மீள்கிறது. நீருக்கென்று தனிக் கவர்ச்சி உண்டா என்பதையும் பிரிட்டன் ஆய்வாளர்கள் 2010இல் 120 ஒளிப்படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். நீர் இடம்பெற்ற காட்சிகளை, நகரக் காட்சியானாலும் இயற்கைக் காட்சியானாலும், மக்கள் கூடுதலாக விரும்பினார்கள். இவை சிறிய ஆய்வுகள். ஆனால் வெவ்வேறு முறைகளில் தேடியும் விடை ஒரே திசையில் வருவதால் அவற்றுக்கு மதிப்பு உண்டு.

கரை செய்யும் வேலை

மேலே சொன்ன எல்லாம் கரை உயிரோடு இருப்பதைச் சார்ந்தவை. அடையாற்றுக் கழியில் கடல் ஓதம் ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்குகிறது. ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டியது. கடலோர மணலோட்டம் முகத்துவாரத்தில் மணல்திட்டை எழுப்பி அடைத்துவிட்டால் ஓதம் உள்ளே வருவது குறையும், நீர் தேங்கும், ஆக்சிஜன் தீரும். அப்போது சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடும். அழுகிய முட்டையை ஒத்த அந்த நாற்றம், கழி மூச்சுவிடத் திணறுவதன் அடையாளம்.

அலையாத்தி மரங்கள் இந்தச் சேற்றுக்கு ஏற்றவை. சேற்றுக்கு மேலே குச்சிகளாக நீளும் சுவாச வேர்களால் காற்றைப் பெறுகின்றன. வேர்ப்பின்னலால் வண்டலைப் பிடித்துக் கரையைக் காக்கின்றன. உப்புநீரிலிருந்து நன்னீரைப் பிரித்து எடுக்கவேண்டியிருப்பதால் அவை நீரைச் சிக்கனமாகவே ஆவியாக்குகின்றன. அவை தரும் குளிர்ச்சியில் நிழலின் பங்கே மிகுதி. ஓதம் இறங்கும்போது வெளிப்படும் சேற்றுப்பரப்பில் நண்டுகளும் புழுக்களும் பறவைகளுக்கு இரையாகின்றன. அதனால் பறவைகளைக் காண விரும்புபவருக்குக் கடிகாரத்தைவிட ஓத அட்டவணை நல்ல வழிகாட்டி.

இந்த விதிகளிலிருந்து பூங்கா அமைப்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை தெளிவாகின்றன. நடைபாதையின்மேல் தொடர்ந்த நிழல் முதல் தேவை. கடல் பக்கம் காற்று வரும் வழியை மதிலாலோ கட்டடத்தாலோ அடைக்கக் கூடாது. கரைக்குக் கற்காரைச் சுவருக்குப் பதில் சரிவான மண்ணும் மரமும் வேண்டும். அது இரைச்சலை உறிஞ்சும், வெப்பத்தைத் தேக்காது, ஓதத்துக்கும் இடம் தரும். முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். காண வருபவருக்கோ, கடற்காற்று கரையேறிய பின் வரும் பிற்பகலும், நிலம் ஆறியிருக்கும் விடிகாலையும் ஏற்ற பொழுதுகள். இரண்டுக்கும் இடைப்பட்ட வெயில்நேரத்தில் நீர் அருகில் இருப்பது மட்டும் போதாது, நிழலும் வேண்டும்.